நீலவார்க்காரர்

பிப்ரவரி 3, செவ்வாய்

மோத்திசராய் வாழ் பெருமக்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிக்கப்படுவது என்னவென்றால், ஊர் நாற்சந்தியான சௌக்கின் நடுவில் போக்குவரத்துக் காவலருக்கு நிழல் தந்துவந்த பெரிய குடை, இன்று காலை ஒரு பதினெட்டுச் சக்கர லாரியின் கம்பியில் மாட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கான்பூர் பக்கமாகப் போய்விட்டது. காவலர் கொஞ்ச தூரம் பின்னால் ஓடினார். பிறகு, இது வெயில் மாதம் இல்லையே என்று நினைவு வந்து திரும்பிவிட்டார். கூடி நின்றவர்கள் குடை போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கே பிறந்தவர்களில் பாதிப் பேர் அவ்வளவு தூரம் போனதில்லை.

எங்கள் ஊர் அப்படி. இரண்டு தேசிய நெடுஞ்சாலைகள் முட்டிக்கொள்ளும் இடம். அவற்றின் தலைக்கு மேலே ரயில் போகிறது. எல்லாரும் இதன் வழியாகத்தான் போவார்கள், யாரும் இதற்கு வருவதில்லை. வந்து தங்கியவர்கள் நாங்கள் மூன்று பேர்தான்: திருச்செங்கோட்டிலிருந்து வந்து டிரான்ஸ்போர்ட் நகரில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் என் அப்பா அர்த்தநாரி, அதற்குப் பின்கட்டில் தமிழ் டிரைவர்களுக்கு மெஸ் நடத்தும் என் அம்மா பாவாயி, பதினோராம் வகுப்பு படிக்கிறான் என்று சொல்லப்படும் நவநீதன். சொல்பவர்கள் பெற்றோர்.

என் சாதனைகளில் சில: பள்ளி மணியை இருபது நிமிடம் முன்னால் அடிக்க வைத்தது. மெஸ்ஸில் உப்பு டப்பாவும் சர்க்கரை டப்பாவும் இடம் மாறியது. ஆனால் ஊரையே ஆட்டி வைக்கும் காரியம் ஒன்று இன்னும் கைகூடவில்லை. இந்தக் குடையைக்கூட லாரிதான் தூக்கியது. எல்லாரும் என்னை முறைத்தார்கள். செய்யாத குற்றத்துக்கு முறைப்பு வாங்குவது எவ்வளவு நட்டம்.

பிப்ரவரி 4, புதன்

இன்று சரித்திரம் படைத்தேன். விளக்கமாக எழுதுகிறேன், பின்னால் வருபவர்களுக்கு உதவும்.

சேலம், சங்ககிரிப் பக்கத்து லாரிகள் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு இங்கே வரும். சிவராத்திரி விரதத்துக்கு இந்த ஊர்க்காரர்கள் ஜவ்வரிசியைத்தான் தின்பார்கள்; தின்கிற வேகத்தைப் பார்த்தால் விரதம் மாதிரித் தெரியாது. இறக்கிய லாரி வெறுமனே ஊருக்குத் திரும்ப முடியாது. உருளைக்கிழங்கு லோடு கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். தெற்கே போகிற லோடு எல்லாம் அப்பா மூலமாகத்தான். யார் முதலில் வந்தார்களோ அவர்களுக்கு முதல் லோடு.

யார் முதலில் வந்தார் என்பதற்கு ஒரு காலத்தில் பேரெழுதி வைத்தார்களாம். எழுதியவன் கையூட்டு வாங்கினான் என்று சண்டை, மண்டை உடைந்தது, ஆபீஸ் கண்ணாடியும் உடைந்தது. அப்போதுதான் அப்பா செருப்பு வரிசையைக் கொண்டுவந்தார். லாரி இறக்கியதும் டிரைவர் தன் இடதுகால் செருப்பைக் கழற்றி ஆபீஸ் வாசலில், கடைசிச் செருப்புக்குப் பின்னால் வைத்துவிட வேண்டும். லோடு வந்தால் முதல் செருப்புக்காரர் தன் செருப்பை மாட்டிக்கொண்டு புறப்படுவார். மோத்திசராயில் வலதுகாலில் மட்டும் செருப்போடு ஓர் ஆள் நடந்தால் அவர் தமிழர், லோடுக்குக் காத்திருக்கிறார் என்று நாய்களுக்கும் தெரியும்.

சட்டம் இரண்டே. அடுத்தவன் செருப்பைத் தொடக் கூடாது. முதல் செருப்புக்காரன் ஏற்றாமல் இரண்டாவது செருப்பு நகரக் கூடாது. டிரான்ஸ்போர்ட் நகர் மூலையில் டிரைவர்கள் நட்டு வைத்திருக்கும் முனியப்பன் கல்லின் முன்னால் எல்லாரும் சூடம் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் போய் இவ்வளவு காலமாகியும் எங்கள் ஊரில் காலணி ஆட்சிதான்.

சௌக் ஓரத்தில் அனாதையாக ஒரு செருப்பு கிடந்தது. இடதுகால். நீல வார். பரிசல் அளவு. யாருடைய காலோ, யாருடைய லாரியிலிருந்தோ விழுந்தது. பனிமூட்டத்தில் ஒருவரும் பார்க்காமல் அதைக் கொண்டுவந்து வரிசையின் கடைசியில் வைத்தேன். அரைமணி நேரம் கழித்து சென்னியப்பன் என்ற டிரைவர் வந்து, தன் செருப்பை அதன் பின்னால் வைத்துவிட்டு, “முன்னால யாருங் இது, யானைப் பாகனுங்களா?” என்று கேட்டார்.

நான் கணக்குப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். வாழ்நாளில் அந்தப் புத்தகம் எனக்கு உதவியது இன்றுதான்.

பிப்ரவரி 5, வியாழன்

நீலவார் யாருடையது என்று மூன்று பேர் கேட்டார்கள். இல்லாத ஆளுக்கு இவ்வளவு விசாரிப்பு. நான் சளி பிடித்துப் படுத்தபோது ஒருவரும் விசாரிக்கவில்லை.

பிப்ரவரி 7, சனி

செருப்புக்கு உடம்பு முளைத்துவிட்டது. நான் ஒன்றும் செய்யவில்லை. வைத்ததோடு சரி.

முதல் சாட்சி, எதிரே டீக்கடை வைத்திருக்கும் ஜக்மோகன். தமிழ் டிரைவர்களுக்கு டீ ஆற்றி ஆற்றித் தமிழும் ஆற்றக் கற்றுக்கொண்டவர். “நான் பாத்தேன் ஜி,” என்றார். “லம்பா ஆளு, ரொம்ப ஒசரம். ரெண்டு சாய் குடிச்சான். பேசல. கண்ணு மட்டும் பேசும்.”

இரண்டாவது சாட்சி, நேற்று வந்து சென்னியப்பனுக்குப் பின்னால் செருப்பு வைத்திருக்கும் வையாபுரி. டிரைவர்களில் மூத்தவர். எந்த ஊர்ப் பேச்சை எடுத்தாலும் அந்த ஊரில் அவருக்கு டயர் வெடித்திருக்கும். “நீல வாருன்னா அது சங்ககிரிக்காரரு. டோல்கேட்டுல என்னோட பேசிட்டு இருந்தாருல்ல. நல்ல குடும்பம்,” என்றார்.

“பேசமாட்டாருன்னு ஜக்மோகன் சொல்றாரே?” என்றார் சென்னியப்பன்.

“கண்டவங்ககிட்ட பேசமாட்டாரு.”

புதன்கிழமை ‘அது’. வியாழக்கிழமை ‘அவன்’. இன்று மதியத்திலிருந்து ‘அவர்’. என்னைப் பெற்று வளர்த்துப் பதினாறு வருடமாகியும் ‘அவனுக்கு’ மேல் நான் ஏறவில்லை.

அம்மாவும் விழுந்துவிட்டாள். “பாவம், வர்ற நேரத்துக்குச் சோறு இல்லீன்னா எப்படி” என்று நீலவார்க்காரருக்கு ஒரு தட்டு தனியாக எடுத்து வைக்கிறாள். அவருக்கு என்று விசேஷமாகப் பாகற்காய்ப் பொரியல். ஆள் வராததால், “வீணாப் போகக் கூடாது, நீ தின்னுரு நவநீ” என்று என்னிடமே நீட்டுகிறாள். மூன்று நாளாகப் பாகற்காய் தின்கிறேன். ஒரு மேதை தன் படைப்புக்காகப் படும் பாடு.

பிப்ரவரி 9, திங்கள்

இன்றைக்கு வேதியியல் தேர்வு. எனக்கும் அதற்கும் எந்த வினையும் நடக்கவில்லை.

சென்னியப்பன் பற்றி எழுத வேண்டும். நான் சொல்கிற ஜோக்குகளுக்குச் சிரிக்கிற ஒரே மனிதர். மற்றவர்கள் “படிக்கிற பையனாட்டம் இரு தம்பி” என்பார்கள். அவர் மட்டும் சிரித்துவிட்டு, “இன்னொண்ணு சொல்லு” என்பார்.

சாயங்காலம் லாரிக்கு அடியில் படுத்து கிரீஸ் வைத்துக்கொண்டே சொன்னார். அவருடைய தங்கச்சி மகளுக்கு மூன்று வயது. இன்னும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் இவர் ஒருவர்தான். போன வருடம் நாள் குறித்தபோது நாக்பூர் மலையிறக்கத்தில் வண்டி படுத்துவிட்டது. அதற்கு முன்னால் குறித்தபோது அசாமில் வெள்ளம். இந்த மாசி வளர்பிறையில், இருபத்திரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, மூன்றாவது முறையாகக் குறித்திருக்கிறார்கள்.

“இந்தத் தடவையும் வரலீன்னா மாப்பிள்ளையோட பங்காளி மடியில உக்கார வெச்சுக் குத்திருவாங்களாமா. தங்கச்சி அழுவல. ‘எனக்கு அண்ணன் இருந்தான், இப்ப இல்லீன்னு நெனச்சுக்கறேன்’னு சொல்லிட்டு போனை வெச்சுட்டா. அழுதிருந்தாப் பரவால்ல.”

“ரயில்ல போயிருங்கண்ணா,” என்றேன்.

“வண்டிய யாருகிட்ட உட்டுட்டு? ஓனர் தோலை உரிச்சு தார்ப்பாய்க்குப் பதிலா கட்டிருவாரு. பதினாறாந்தேதி கெளம்புனாக்கூடப் போயிரலாம் கண்ணு. எனக்கு முன்னால நாலஞ்சு செருப்புதான்.”

பனிக்கு அவர் இடதுகாலில் ஒரு பழைய காலுறையை மாட்டியிருந்தார். நான் வேறு ஜோக் சொல்லவில்லை. நினைவு வரவில்லை.

பிப்ரவரி 11, புதன்

ஒரே நாளில் நான்கு லோடு. நான்கு செருப்புகள் காலேறிப் போயின. இப்போது வரிசைக்குத் தலைமை தாங்குவது நீலவார். அடுத்தது சென்னியப்பன். அதற்கடுத்து வையாபுரி.

சாமர்த்தியத்துக்கு ஒரு எல்லை இருக்கலாம்தான்.

பிப்ரவரி 12, வியாழன்

மிஷ்ராவின் உருளைக்கிழங்குக் குளிர்கிடங்கிலிருந்து ஈரோட்டுக்கு லோடு வந்தது. அப்பா ஆபீஸ் வாசலில் நின்று, நீதிமன்ற சேவகர் மாதிரி மூன்று முறை, “நீலவார்ச் செருப்புக்காரர்” என்று கூப்பிட்டார். நான்கு நாய்கள் வந்தன.

அந்தப் பக்கக் கோயிலின் ஒலிபெருக்கியில் இந்தியிலும் அறிவித்தார்கள். யாரும் வரவில்லை.

“அப்ப அடுத்த செருப்புக்குக் குடுத்தர்லாமுங்களா?” என்றார் சென்னியப்பன், ரொம்பத் தாழ்ந்த குரலில்.

வையாபுரி எழுந்தார். “சத்தியம் பண்ணிருக்கறோமுங்க. அவரு காசிக்குப் போயிருக்கலாம். காய்ச்சல்ல படுத்திருக்கலாம். நாளைக்கு உனக்கு இப்படி ஆனா உன்ற செருப்பத் தாண்டறதுக்கு ஒத்துக்குவியா?”

அப்பா தலையாட்டினார். அந்தச் சத்தியம் வந்தபின் ஆபீஸ் கண்ணாடி உடையவில்லை என்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை. அந்தக் கண்ணாடியைத் தினமும் அவரே துடைப்பார்; கண்ணாடி விற்கிறவர்கூட அப்படித் துடைக்க மாட்டார். மிஷ்ராவிடம் போன் போட்டு, திங்கள்கிழமை மதியம்வரை லோடை நிறுத்தி வைக்கச் சொன்னார். அதற்கு மேல் மிஷ்ரா பஞ்சாப் லாரிக்குக் கொடுத்துவிடுவாராம்.

அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். சந்தர்ப்பம் சரியாக அமையவில்லை. அவர் ஆபீஸில் தனியாகத்தான் இருந்தார், வேலையும் இல்லை, நல்ல மனநிலையிலும் இருந்தார். ஆனாலும் சந்தர்ப்பம் அமையவில்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

சொல்வதைவிட எடுத்துவிடுவது மேல் என்று முடிவு செய்தேன். வைத்தவனுக்கு எடுக்கத் தெரியாதா. பள்ளிக்குக் கிளம்புகிற சாக்கில் குனிந்து ஷூ லேசைக் கட்டியபடியே கையை நீட்டினேன்.

“தம்பி.”

வையாபுரி. செருப்பின் பக்கத்தில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். யாராவது திருடிவிட்டால் நீலவார்க்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று காவலாம்.

“உனக்கு லேஸே இல்லியே தம்பி,” என்றார்.

பார்த்தேன். இல்லைதான். இன்று யூனிபார்மோடு சாண்டல் போட்டிருந்தேன்.

பிப்ரவரி 14, சனி

செருப்புக்கு யாரோ சாமந்திப்பூ வைத்திருக்கிறார்கள். ஜக்மோகன் காலையில் முதல் டீயை அதன் முன்னால் கொஞ்சம் சிந்திவிட்டுத்தான் வியாபாரம் தொடங்குகிறார். பஞ்சாப் டிரைவர் ஒருவர் இது எந்தச் சாமியின் பாதம் என்று கேட்டு, கும்பிட்டும் போனார்.

சென்னியப்பன் லாரியைக் கழுவினார். நேற்றும் கழுவினார். கண்ணாடியில் தங்கச்சி மகளின் படம் ஒட்டியிருக்கிறது. அந்த இடத்தை மட்டும் துணியால் துடைக்காமல் கையால் துடைத்தார்.

இன்றும் பாகற்காய்.

பிப்ரவரி 15, ஞாயிறு, சிவராத்திரி

நீலவார்க்காரர் வந்துவிட்டார்.

நான்தான் எழுதுகிறேன். காய்ச்சல் இல்லை. தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

காலையில் ஜவ்வரிசி இறக்கிய ஒரு லாரியின் டிரைவர், பெயர் மாரப்பன். முறைப்படி கடைசியில் செருப்பு வைக்க வேண்டியவர். ஜக்மோகன் கடையில் ஒரு டீ குடித்தார். ஊர்க்கதை முழுக்க அந்த டீயோடு சேர்த்துத்தான் கொடுத்திருப்பார்கள். நேரே எங்கள் ஆபீஸுக்கு வந்து, நீலவாரைப் பார்த்து, “அட, இங்கயா இருக்குது” என்றார்.

பொய் சொல்கிறார் என்று உலகத்தில் எனக்கு மட்டும் தெரியும். எப்படித் தெரியும் என்று சொல்ல முடியாது. இப்படி ஓர் இடத்தில் மாட்டிக்கொண்ட முதல் மேதை நானாகத்தான் இருப்பேன்.

மாரப்பன் என் உயரம்கூட இல்லை. “போட்டுக் காட்டுங்க,” என்றார் அப்பா. போட்டார். குதிகாலுக்குப் பின்னால் இன்னொரு குதிகாலுக்கு இடம் இருந்தது.

“பெருசா இருக்குதே,” என்றார் சென்னியப்பன்.

“சுகர் வந்து எளச்சுட்டேனுங்.”

“காலுமா?”

“காலுதானுங் மொதல்ல எளச்சுது.”

அப்பா ஜக்மோகனைப் பார்த்தார். உயரமான ஆள் என்று சொன்னவர் அவர்தானே. ஜக்மோகன் கொஞ்சமும் அசரவில்லை. “நான் கீழ அடுப்புகிட்ட உக்காந்திருந்தேன் ஜி. கீழருந்து பாத்தா எல்லாரும் லம்பாதான்.”

வையாபுரியும் மாரப்பனைத் தழுவிக்கொண்டு, “என்னப்பா, டோல்கேட்டுல பாத்ததுக்கு இப்ப ஆளே மாறிட்ட,” என்றார். மாரப்பன் ஒரு கணம் திகைத்துவிட்டு, “நீங்களும்தானுங்ணா,” என்றார்.

சாட்சிகள் இருவரும் தப்பித்தார்கள். சத்தியமும் தப்பித்தது. நாளை காலை மாரப்பன் ஈரோட்டு லோடை ஏற்றுவது என்று தீர்ப்பாயிற்று. சென்னியப்பன் மட்டும், “கொண்டு போகட்டுமுங்,” என்று சொல்லிவிட்டு, காலுறையைக் கழற்றி உதறி மறுபடி மாட்டிக்கொண்டார்.

இதற்கு மேல் பொறுப்பவன் நவநீதன் அல்ல. கூட்டத்தின் நடுவில் போய் நின்றேன். “நிறுத்துங்க. அந்தச் செருப்பை வெச்சது நான்தான். அதுக்கு ஆளே கெடையாது,” என்று கணீரென்று சொன்னேன். கூட்டம் ஒரு நிமிடம் ஸ்தம்பித்தது. பிறகு எல்லாரும் சிரித்தார்கள். வையாபுரி, “உனக்கு எல்லாத்துலயும் பேரு வேணுமா தம்பி?” என்றார். ஒருவரும் நம்பவில்லை. வாழ்நாள் முழுக்கப் பொய்யாகச் சொல்லிவிட்டு ஒரே ஒரு உண்மையைச் சொன்னால் இதுதான் மரியாதை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், இனி ஊர் பாடு.

பிப்ரவரி 16, திங்கள்

சென்னியப்பன் கிளம்பிவிட்டார். எப்படி என்றால், என்னால்.

காலையில் மாரப்பன் நீலவாருக்குள் காலை நுழைத்துக்கொண்டு நின்றார். அப்பா லோடுச் சீட்டை எடுத்தார். அந்த நேரம் பார்த்து நான், ரொம்ப இயல்பாக, கையைத் துடைத்துக்கொண்டே போய், “ஏனுங், நீங்கதானா நீலவார்க்காரரு? நல்லதாப் போச்சு. எருமைக்காரங்க மூணு தடவை வந்து கேட்டுட்டுப் போனாங்க,” என்றேன்.

“எந்த எருமை?” என்றார் மாரப்பன்.

“நீங்க இடிச்ச எருமை. ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட. சினை எருமையாமா. நீலவார்க்காரரு வந்தா உக்கார வைங்க, ஊரோட வர்றோம்னு சொல்லிட்டுப் போயிருக்கறாங்க. தடியோடதான் வந்திருந்தாங்க.”

யாராவது ‘எந்த எருமை, எப்போது’ என்று கேட்டிருந்தால் கதை கந்தல். ஆனால் எதிர்க்கடையிலிருந்து குரல் வந்தது.

“ஹாங் ஜி,” என்றார் ஜக்மோகன். “கொம்பு ஒண்ணு இப்படி, ஒண்ணு அப்படி. நான் பாத்தேன்.”

மாரப்பன் செருப்பிலிருந்து காலை உருவிய வேகத்தில் செருப்பு குப்புற விழுந்தது. “என்றது இல்லீங். நல்லாப் பாத்தா இது வேற நீலமுங்,” என்றார். தன் சொந்தச் செருப்பைக் கொண்டுபோய் வரிசையின் கடைசியில் பணிவாக வைத்தார்.

அப்பா யோசித்தார். வையாபுரியும் யோசித்தார். பிறகு வையாபுரியே தீர்ப்புச் சொன்னார்: “எருமைய இடிச்சுட்டு ஓடுனவனுக்கு முனியப்பன் முன்னால ஏதுங்க வரிசை?” அவர் வாயில் ‘அவர்’ மறுபடி ‘அவன்’ ஆனது. நீலவாரை ஒரு குச்சியால் எடுத்துச் சாலைக்கு அந்தப் பக்கம் எறிந்தார்கள்.

சென்னியப்பன் தன் செருப்பை மாட்டினார். இத்தனை நாள் கழித்து இரண்டு கால்களும் ஒரே உயரத்துக்கு வந்ததில் கொஞ்சம் தடுமாறினார். மதியத்துக்குள் ஏற்றிக் கட்டி, ஹாரன் அடித்துக்கொண்டு சௌக்கைத் தாண்டிவிட்டார். போகும்போது, “இன்னொரு ஜோக்கு சேத்து வை” என்று கையாட்டினார்.

மொத்தத்தில் ஊரை நிறுத்தியதும் நான், ஓட்டியதும் நான். இதற்கு மேல் ஒரு மனிதன் பதினாறு வயதில் என்ன செய்ய வேண்டும்?

பிப்ரவரி 18, புதன்

எருமைக்காகப் பஞ்சாயத்தில் வசூல் செய்யலாமா என்று பேசுகிறார்கள். ஜக்மோகன் எருமைக்கு ‘ராணி’ என்று பெயரும் சொல்லிவிட்டார்.

மெஸ்ஸில் பாகற்காய் நின்றுவிட்டது. ஏனோ எனக்கு ருசிக்கவில்லை.

பிப்ரவரி 23, திங்கள்

நேற்று மதியம் அப்பாவின் போனில் படம் வந்தது. சென்னியப்பன் புதுவேட்டியில் பலகை மேல் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். மடியில் மொட்டைத்தலையில் சந்தனம் பூசிய குழந்தை வாயை முழுசாகத் திறந்து கத்துகிறது. ஒரு காதில் தோடு மின்னுகிறது, இன்னொரு காதுக்கு ஆசாரி குனிந்திருக்கிறார். சென்னியப்பனும் அழுகிறார், அவருக்கு யாரும் எங்கேயும் குத்தவில்லை. பின்னால் நிற்கிற தங்கச்சியின் கை அவர் தோளில் இருக்கிறது.

அப்பா அதை வருகிறவர், போகிறவர் எல்லாரிடமும் காட்டினார். என்னிடம் நான்கு முறை காட்டினார். “பாத்தியா, சத்தியத்துக்குக் கட்டுப்பட்டுப் பொறுமையா நின்னான். முனியப்பன் கொண்டுபோய்ச் சேத்துட்டாரு,” என்றார்.

நான்காவது முறைக்குப் பிறகு என்னால் அந்தப் படத்தைப் பார்க்க முடியவில்லை. ஆகவே இரண்டு திருத்தங்கள்.

ஒன்று. பதினாறாம் தேதிப் பக்கத்தில் ‘நான்’ என்று வருகிற இடங்களில் ‘அம்மா’ என்று படிக்கவும். கையைத் துடைத்துக்கொண்டு வந்தது அம்மா. எருமையை ஈன்றதும் அம்மா. அந்த நேரத்தில் நான் பழைய டயர் அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மழையோ வெயிலோ இல்லை. சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். சென்னியப்பன் கையாட்டியதும் டயர்களைப் பார்த்துத்தான். அங்கே இருப்பேன் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

இரண்டு. பதினைந்தாம் தேதி நான் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை என்று எழுதியிருக்கிறேன். நம்பவில்லை என்பது தவறு. கேட்கவில்லை. நான் கூட்டத்தின் நடுவில் போகவில்லை. ஆபீஸின் பின்பக்கச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு சொன்னேன். கணீர் என்பதும் இல்லை. சுவருக்கே கேட்டிருக்குமோ என்னவோ. வையாபுரி சிரித்தது வேறு எதற்கோ.

இன்று காலை மாவு ஆட்டிக்கொண்டே அம்மா, என் முகத்தைப் பார்க்காமல், “நீ அன்னிக்குச் சொன்னது எனக்குக் கேட்டுது,” என்றாள்.

“என்னைக்கு?”

“செவுத்துகிட்டச் சொன்னியே. இந்தப் பக்கம் நான் பாத்திரம் கழுவிட்டு இருந்தேன்.”

“அப்பவே ஏன் சொல்லல?”

“நீ சத்தமாச் சொல்லுவியான்னு பாத்தேன். விடிஞ்சும் சொல்லல. அந்தப் பையன் தங்கச்சி ஊட்டுக்குப் போகணும். கைக்கு எருமைதான் கெடச்சுது.” கொஞ்சம் மாவை வழித்தாள். “அப்பாகிட்ட நான் சொல்லமாட்டேன். அது எம்பட சோலி இல்ல.”

அதனால் போனேன். அப்பா ஆபீஸில் தனியாக இருந்தார். சந்தர்ப்பம் போன தடவை மாதிரியேதான் இருந்தது. இந்த முறை சுவர் பக்கம் திரும்பாமல் சொன்னேன். குடை போன மறுநாள் பனியில் ஆரம்பித்து, டயர் அடுக்கு வரைக்கும். நடுவில் இரண்டு முறை குரல் உடைந்தது. மீசை வரும் வயதில் குரல் உடையும் என்று எழுத நினைத்தேன். அழுதேன் என்பதுதான் சரி.

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அடிக்கப் போகிறார் என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன். அவர் வாசலில் இருந்த செருப்பு வரிசையை வெகுநேரம் பார்த்தார்.

“செருப்ப வெச்சது நீ.”

“ஆமாங்ப்பா.”

“எருமை உங்கம்மா.”

“ஆமாங்ப்பா.”

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். எதிரே ஜக்மோகன் கடையைப் பார்த்தபடி, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்:

“அப்ப, அந்த ரெண்டு டீ குடிச்சது யாருடா?”